எண்பலகையும் ஒற்றாடலும்: பர்மிங்ஹாம் நகரின் கேமரா வளையம்

வாகனங்களுக்கு எண் சூட்டும் வழக்கம் பிரான்சில் தோன்றியது. 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாரிஸ் நகரக் காவல்துறைத் தலைவர் பிறப்பித்த ஆணை ஒன்று, மோட்டார் வண்டி ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் பெயரும் முகவரியும் அனுமதி எண்ணும் பொறித்த தகடு பொருத்தப்பட வேண்டும் என்றது. பிரிட்டன் பத்தாண்டுகள் கழித்து அதே வழிக்கு வந்தது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் இயற்றப்பட்டு, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எண்பலகை கட்டாயமாயிற்று. செல்வந்தர்கள் சிலர் அன்று முணுமுணுத்தனர். குதிரை வண்டிக்கு இல்லாத இலக்கம் மோட்டார் வண்டிக்கு மட்டும் ஏன் என்பது அவர்கள் கேள்வி. அரசு தந்த விடை எளியது: விபத்து நிகழ்த்திவிட்டு விரைந்து மறையும் வண்டியை அடையாளம் காண வேறு வழியில்லை.

அந்த விடையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பலகையை வாசிக்கவிருந்தது மனிதக் கண் என்பதை நாம் நினைவில் நிறுத்த வேண்டும். தெருமுனையில் நிற்கும் காவலர் தவறிழைத்த வண்டியின் எண்ணை மட்டுமே குறித்துக்கொள்வார். ஏனைய நூறு வண்டிகள் அவர் கண்ணில் பட்டு, அடுத்த கணமே நினைவிலிருந்து நீங்கிவிடும். இந்த மறதியே எண்பலகைச் சட்டத்தின் எழுதப்படாத பிரிவு. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் எழுத வேண்டிய தேவையும் எழவில்லை.

1976இல் பிரிட்டிஷ் காவல்துறையின் அறிவியல் வளர்ச்சிப் பிரிவு, எண்பலகையைத் தானே வாசிக்கும் கருவியொன்றை உருவாக்கும் பணியைத் தொடங்கியது. 1979இல் முதல் மாதிரி உருப்பெற்றது. ஏ1 நெடுஞ்சாலையிலும் டார்ட்ஃபோர்டு சுரங்கப்பாதையிலும் சோதனைகள் நடந்தன. 1981இல் களவுபோன கார் ஒன்று இக்கருவியின் உதவியால் பிடிபட்டது. இதன் இயக்கம் சிக்கலானதன்று. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் பலகையின் பிரதிபலிக்கும் பரப்பு இரவிலும் ஒளிர்ந்து தெரியும். கேமரா அதைப் படம்பிடிக்க, கணினி எழுத்துகளைப் பிரித்தறிந்து, தேடப்படும் வாகனங்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் மணி ஒலிக்கும். பொருந்தாவிட்டால்? அங்கேதான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. பொருந்தாத எண்ணும் நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு சேமிக்கப்படலாம். மனிதக் கண்ணின் மறதி இக்கருவிக்கு இல்லை.

இக்கருவி பெருமளவில் வீதிக்கு வந்ததற்கு ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுகள் காரணமாயின. 1992 ஏப்ரலில் லண்டன் நகரின் நிதி மையத்தில் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் கட்டடமும், 1993 ஏப்ரலில் அதே பகுதியின் பிஷப்ஸ்கேட் வீதியும் லாரி நிறைய வெடிமருந்தால் தகர்க்கப்பட்டன. அதையடுத்து அந்த நிதி மையத்தைச் சுற்றிக் காவல் சாவடிகளும் கேமராக்களும் அமைந்தன. மக்கள் அதனை 'எஃகு வளையம்' என அழைத்தனர். 1997 வாக்கில் அதில் எண்பலகை வாசிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வளையம் உள்ளே இருப்பவரைக் காக்க எழுந்தது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் உள்ளே இருந்தன. ஐயத்துக்குரியவர் வெளியிலிருந்து வருபவர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து பர்மிங்ஹாமில் ஒரு வளையம் எழுந்தபோது இந்த உறவு தலைகீழாக மாறியது.

பர்மிங்ஹாம் நகரின் தென்கிழக்கில் ஸ்பார்க்புரூக் என்னும் பகுதி உள்ளது. லேடிபூல் வீதியின் பால்டி உணவகங்களைத் தேடிப் பிரிட்டன் முழுவதிலிருந்தும் மக்கள் வருவதுண்டு. அங்கு வாழும் முஸ்லிம்களில் பெரும்பாலோரின் வேர்கள் ஆசாத் காஷ்மீரின் மீர்பூர் மாவட்டத்தில் உள்ளன. 1960களில் ஜீலம் ஆற்றின்மீது மங்களா அணை கட்டப்பட்டபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடும் நிலமும் நீரில் மூழ்க இடம்பெயர்ந்தனர். அவர்களில் பலர் பிரிட்டனின் வார்ப்பாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் வந்து சேர்ந்தனர். யமனியரும் பின்னாளில் சோமாலியரும் அவர்களோடு இணைந்தனர். 1967இல் ஜான் ரெக்ஸ், ராபர்ட் மூர் என்னும் இரு சமூகவியலாளர்கள் ஸ்பார்க்புரூக் குறித்து எழுதிய ஆய்வு நூல் இன்றும் பிரிட்டிஷ் சமூகவியலில் முன்னோடி நூலாகக் கருதப்படுகிறது. அந்நூல் காட்டும் ஸ்பார்க்புரூக்கில் பாகிஸ்தானியருக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் ஐரிஷ்காரர்.

இது தற்செயலான செய்தியன்று. 1974 நவம்பர் 21ஆம் நாள் பர்மிங்ஹாமின் இரு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். எட்டு நாட்களில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நகரின் ஐரிஷ் மக்கள் அனைவரும் ஒரே இரவில் ஐயத்துக்குரியோராயினர். ஆறு ஐரிஷ்காரர்கள் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று மேல்முறையீட்டு மன்றம் ஒப்புக்கொண்டு விடுவித்தது 1991இல். பதினாறு ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. ஒரு சமூகத்தை ஒட்டுமொத்தமாக ஐயுறுவதால் விளைவது என்ன என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டிய நிலையில் அந்நகரின் காவல்துறை இருக்கவில்லை. சான்று அதன் சொந்தக் கோப்புகளிலேயே கிடந்தது.

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் போக்குவரத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் பொதுமக்கள் 52 பேர் கொல்லப்பட்டனர். 2007 ஜனவரியில் பர்மிங்ஹாமிலேயே ஒரு சதி முறியடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இராணுவத்தில் பணிபுரிந்த முஸ்லிம் படைவீரர் ஒருவரைக் கடத்திச் சென்று கொலை செய்வதே அதன் திட்டம். அதன் தலைவன் அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றான். கொலையுண்டிருக்க வேண்டியவரும் ஒரு முஸ்லிமே என்பதை நம்முடைய எழுத்துகள் பல மறந்துவிடுகின்றன. எண்பலகைக் கேமராக்களால் நன்மை விளைந்ததும் உண்டு. 2005 நவம்பரில் பிராட்ஃபோர்டில் பெண் காவலர் ஒருவர் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தப்பிய காரின் தடத்தைக் காட்டியவை அந்தக் கேமராக்களே.

இத்தகைய சூழலில் மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறையின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு 'புராஜெக்ட் சாம்பியன்' என்ற திட்டத்தை வகுத்தது. ஸ்பார்க்புரூக்குக்குள்ளும் நகரின் கிழக்கே உள்ள வாஷ்வுட் ஹீத் பகுதிக்குள்ளும் செல்லும் சாலைகள் யாவற்றிலும் கேமரா நிறுத்தி, அங்கு எந்த வாகனமும் பதிவாகாமல் நுழையவோ வெளியேறவோ முடியாதபடி செய்வது அதன் நோக்கம். மொத்தம் 218 கேமராக்கள். அவற்றுள் 150க்கும் மேற்பட்டவை எண்பலகை வாசிப்பவை. 72 கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பதற்கானவை. செலவு ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு. அந்தப் பணம் பயங்கரவாத எதிர்ப்புக்கென ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து, தலைமைக் காவல் அதிகாரிகள் சங்கத்தின் வழியாக வந்தது.

ஆனால் நகராட்சி உறுப்பினர்களிடம் சொல்லப்பட்டது வேறு. 'பாதுகாப்பான பர்மிங்ஹாம்' என்ற பெயரில் நகராட்சியும் காவல்துறையும் இணைந்து நடத்திய அமைப்பொன்றே திட்டத்தின் முகமாக முன்னிறுத்தப்பட்டது. வாகனத் திருட்டு, போதைப்பொருள் விற்பனை, தெருத் தொல்லைகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இது என்று 2009இல் விளக்கமளிக்கப்பட்டது. மறைவுக் கேமராக்கள் பற்றியும் நிதியின் தோற்றுவாய் பற்றியும் சொல்லப்படவில்லை. வீட்டின்முன் கார் களவுபோவதால் அலுத்திருந்த மக்களுக்கு அந்த விளக்கம் இனிப்பாகவே இருந்திருக்கும். ஒரு மக்கள் கூட்டத்தின் நியாயமான தேவையையே அவர்களை ஏமாற்றும் திரையாக்கியது இத்திட்டத்தின் மிகக் கீழ்மையான பகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2010 வசந்தத்தில் கம்பங்கள் முளைத்தன. வீதிக்கொரு கம்பம் எதற்கு என்று அப்பகுதிவாசிகள் வினவத் தொடங்கினர். ஜூன் தொடக்கத்தில் 'கார்டியன்' நாளேடு உண்மையை வெளியிட்டது. ஸ்பார்க்புரூக்கின் நகராட்சி உறுப்பினராயிருந்த சல்மா யாகூப் தம்மைப் போன்ற மக்கள் பிரதிநிதிகளே தவறாக வழிநடத்தப்பட்டதை வெளிப்படையாகக் கண்டித்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ரோஜர் காட்சிஃப் நாடாளுமன்றத்தில் பிரச்சினையை எழுப்பினார். குடியுரிமை அமைப்பான 'லிபர்ட்டி' வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தது. எதிர்த்தவர்களில் முஸ்லிமல்லாதோரும் பலர். மதில்களும் மசூதிகளும் நிறைந்த ஒரு பகுதிக்காக மட்டும் அவர்கள் பேசவில்லை, தம் நகரத்துக்காகப் பேசினார்கள்.

அதன்பின் நிகழ்ந்த காட்சி விசித்திரமானது. கலந்தாலோசனை முடியும்வரை கேமராக்கள் இயங்கமாட்டா என்று காவல்துறை அறிவித்தது. அதை யார் நம்புவது? ஆகவே கம்பங்களின் உச்சியில் இருந்த கேமராக்களுக்குப் பிளாஸ்டிக் பைகள் மாட்டப்பட்டன. பல லட்சம் பவுண்டு விலையுள்ள நுண்கருவிகள் பை போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் வீதியில் நின்றன. நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால் அதிகாரியின் வாக்குறுதியைவிடக் கடைப் பைக்கு மதிப்புக் கூடிவிடுகிறது.

தேம்ஸ் பள்ளத்தாக்குக் காவல்துறையின் தலைமை அதிகாரி சாரா தார்ன்டன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2010 செப்டம்பர் இறுதியில் வெளியானது. காவல்துறையைக் காவல்துறையே விசாரித்தால் பூசி மெழுகுவார்கள் என எதிர்பார்த்தோர் வியப்படைந்தனர். அறிக்கை கடுமையாகவே இருந்தது. திட்டத்தின் உண்மை நோக்கம் குற்றத்தடுப்பு என்ற கதையால் மறைக்கப்பட்டதை அது எடுத்துரைத்தது. சட்டத்துக்கு இணங்க நடக்கிறோமா என்று தொடக்கத்திலேயே எவரும் கருதிப் பார்த்ததற்கான சான்று அரிது என்றது. மறைமுகக் கண்காணிப்பை நெறிப்படுத்தும் சட்டம் பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். தலைமைக் காவல் அதிகாரி கிறிஸ் சிம்ஸ் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அக்டோபரில் கேமராக்கள் அனைத்தையும் அகற்ற முடிவாயிற்று. 2011இல் கம்பங்கள் பிடுங்கப்பட்டன. அந்த வளையம் ஒரு நாளும் முறைப்படி இயக்கப்படவேயில்லை.

இந்நிகழ்வை இஸ்லாமியச் சட்ட மரபின் ஒளியில் நோக்குவது பயனுடையது. திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம், 12ஆம் வசனம், ஐயத்தையும் ஒற்றாடலையும் புறங்கூறலையும் ஒரே தொடரில் தடுக்கிறது. ஐயம் முதலில், துருவல் அடுத்து, பேச்சு அதற்கடுத்து. இவ்வரிசையில் ஓர் உளவியல் இருக்கிறது. இதனை விளக்க அறிஞர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய நிகழ்ச்சியொன்றைக் கூறுவர். இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா'விலும் அது இடம்பெறுகிறது. இரவு வலம் வந்த கலீஃபா ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே நோக்கி, தீய செயலில் ஈடுபட்டிருந்த ஒருவரைக் கடிந்துகொண்டார். அம்மனிதரோ, தாம் ஒரு குற்றம் செய்ததாகவும் கலீஃபா மூன்று குற்றங்கள் செய்ததாகவும் விடையிறுத்தார்: துருவிப் பார்த்தது, வாயில் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. மூன்றும் இறைமறை தடுத்தவை. கலீஃபா அவரை விட்டுச் சென்றார்.

மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் இந்நிகழ்ச்சியோடு நாம் நின்றுவிடுகிறோம். சட்ட நுட்பம் அதற்கு அப்பால் இருக்கிறது. பக்தாதின் தலைமை நீதிபதிகளுள் ஒருவரும் 1058இல் மறைந்தவருமான மாவர்தீ, 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் ஆட்சியியல் நூலில் சந்தைக்கும் ஒழுக்கத்துக்கும் பொறுப்பான முஹ்தஸிப் என்ற அதிகாரியின் வரம்புகளை ஆராய்கிறார். வெளிப்படாத தீமையைத் தேடித் துருவ அவருக்கு உரிமையில்லை என்பது பொது விதி. விதிவிலக்கும் உண்டு. ஒருவன் மற்றொருவனைக் கொல்லத் தனியிடம் கொண்டுசென்றான் என நம்பகமான ஒருவர் வந்து சொன்னால், மீட்க முடியாத இழப்பு நேருமுன் அவர் துருவலாம், விரையலாம். அதாவது குறித்த நபர், குறித்த செய்தி, நம்பத்தக்க சாட்சி, திருப்ப இயலாத கேடு. படைவீரரைக் கடத்தும் சதியை முறியடித்த காவலர் செய்தது இவ்விலக்குக்குள் அடங்கும். இரண்டு குடியிருப்புகளைச் சுற்றி வளையமிட்டது அடங்காது. அங்கே குறித்த நபர் இல்லை, முகவரி மட்டுமே இருந்தது.

ஓர் எதிர்வாதத்தை இங்கே சந்தித்தாக வேண்டும். வீடு மறைவிடம், சாலை பொதுவிடம் அன்றோ? எல்லோர் கண்ணிலும் படும் எண்பலகையைப் பார்ப்பது எப்படி ஒற்றாடலாகும்? மாவர்தீயிடம் இதற்கு நேரடி விடை கிடைக்காது. அவர் காலத்தில் சாலைக்கு நினைவாற்றல் இருந்ததில்லை. விடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தட்டுத்தடுமாறித் தேடியிருக்கிறது. 2012இல் ஜோன்ஸ் வழக்கில், ஒருவரின் காரில் கருவி பொருத்தி 28 நாள் பின்தொடர்ந்தது அரசமைப்புக்கு ஒவ்வாதது என அது தீர்ப்பளித்தது. 2018இல் கார்ப்பெண்டர் வழக்கில், 127 நாள் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை ஆணையின்றிப் பெற்றதும் தவறு என்றது. தனித்தனியே ஒளிவுமறைவற்ற நகர்வுகள், சேர்த்துக் கோக்கப்படும்போது ஒருவரின் வழிபாடு, நோய், நட்பு, அரசியல் யாவையும் காட்டிவிடும் என்பதே அத்தீர்ப்புகளின் உட்கருத்து. வெள்ளி நண்பகலில் எந்தக் கார் எந்த வீதியில் நின்றது என்ற ஒரு வரி தனியே ஒன்றுமில்லை. 52 வெள்ளிகளின் வரிகள் சேர்ந்தால் அது ஒருவருடைய ஜுமுஆப் பதிவேடு.

இது கற்பனையன்று. நியூயார்க்கில் நடந்தது. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட தொடர், அந்நகரக் காவல்துறையின் 'மக்கட்பரப்புப் பிரிவு' பள்ளிவாசல்களையும் மாணவர் சங்கங்களையும் தேநீர்க் கடைகளையும் வரைபடமிட்டதை அம்பலப்படுத்தியது. பள்ளிவாசல் வாயிலில் நின்ற கார்களின் எண்கள் குறிக்கப்பட்டன. எண்பலகை வாசிக்கும் கருவி பொருத்திய அடையாளமற்ற வாகனங்கள் தெருவழியே ஊர்ந்து சென்றன. அத்தொடருக்கு 2012இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவின் பணியிலிருந்து பயங்கரவாத விசாரணைக்கு வழிகாட்டும் துப்பு ஒன்றேனும் கிடைக்கவில்லை என்று, காவல்துறையின் உளவுப் பிரிவுத் தலைவரே 2012இல் வாக்குமூலம் அளித்தார். 2014இல் பிரிவு கலைக்கப்பட்டது. நியூ ஜெர்சி முஸ்லிம்கள் தொடுத்த வழக்கு 2018இல் உடன்படிக்கையில் முடிந்தது.

முஸ்லிம்கள்மீது மட்டுமே இக்கருவி பாய்கிறது என்று எண்ணுவோமானால் அதன் இயல்பை நாம் அறியவில்லை என்றே பொருள். பிரைட்டன் நகரின் முதிய சமாதான ஆர்வலர் ஜான் கேட், ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொண்டதற்காகவே அவரது கார் கேமராப் பட்டியலில் ஏறியது. 2005இல் லண்டன் வந்தபோது பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் நிறுத்தப்பட்டார். அவரைப் பற்றிய பதிவுகளைக் காவல்துறை வைத்திருந்தது தவறென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019இல். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ராய்ஸ்டன் என்ற சிற்றூரில், ஊருக்குள் வரும் எல்லாச் சாலைகளிலும் நிறுவப்பட்ட கேமரா வளையம் சட்டவிரோதமானது, அளவு மீறியது என்று தகவல் ஆணையர் 2013இல் முடிவு கூறினார். ராய்ஸ்டனில் முஸ்லிம் குடியிருப்பு ஏதுமில்லை. அமெரிக்காவில் ஃபிளாக் என்னும் தனியார் நிறுவனத்தின் கேமராக்கள் ஆயிரக்கணக்கான ஊர்களில் நிற்கின்றன. உள்ளூர்க் குற்றங்களுக்கென நிறுவப்பட்ட அவற்றின் பதிவுகளைக் குடியேற்றத் துறையின் பொருட்டும் காவலர்கள் தேடியது 2025இல் வெளிவந்தபின், ஆஸ்டின் உள்ளிட்ட சில நகரங்கள் அத்திட்டத்தைக் கைவிட்டன.

பர்மிங்ஹாம் நிகழ்வின் எதிரொலி சட்டத்திலும் கேட்டது. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் கண்காணிப்புக் கேமரா ஆணையர் என்ற பதவியைத் தோற்றுவித்தது. மறு ஆண்டில் நடத்தை விதிகள் வந்தன. எண்பலகைப் பதிவுகளை இரண்டாண்டு வைத்திருக்கும் வழக்கம் பின்னர் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. பதிவுகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. அண்மை ஆண்டுகளில் பிரிட்டனின் தேசியத் தரவுத்தளத்தில் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வாசிப்புகள் சேர்கின்றன.

2021 ஜூன் முதல் நாளில் பர்மிங்ஹாம் நகராட்சி தூய காற்று மண்டலத்தைத் தொடங்கியது. நகர மையத்தைச் சூழ்ந்த மிடில்வே வட்டச் சாலைக்குள் வரும் பழைய, புகை மிகுந்த கார்களுக்கு நாளொன்றுக்கு 8 பவுண்டு கட்டணம். எந்தக் கார் வந்தது என்பதை எண்பலகைக் கேமராக்கள் அறிந்துகொள்கின்றன. ஒளிவில்லை, அறிவிப்புப் பலகைகள் உண்டு, நோக்கமும் நல்லது. லண்டனில் இதே வகைக் கேமராக்கள் புகைக் கட்டுப்பாட்டுக்கென நிறுவப்பட்டவை. அவற்றின் பதிவுகளைக் காவல்துறை பயன்படுத்த 2022இல் மேயர் அனுமதித்தது அங்கே எதிர்ப்புக்குள்ளானது. ஸ்பார்க்புரூக் பகுதி மிடில்வே சாலையை ஒட்டியே உள்ளது. லேடிபூல் வீதியிலிருந்து நகர மையத்துக்குச் செல்பவர், 2010இல் கம்பங்கள் நின்று பின் பிடுங்கப்பட்ட வீதிகளைக் கடந்து, சில நிமிடங்களில் அந்தப் புதிய வளையத்துக்குள் நுழைந்துவிடுகிறார்.